அகக்கார்டியல்: பழைய லேப்டாப்பில் வைஃபை பொருத்துதலுக்கு ஓர் உரை

இக்கட்டுரை என் நுதலிற்றோவெனின், பழைய லேப்டாப்பின் வயிற்றுக்குள் வைஃபை கார்டு பொருத்தும் முறையையும், பொருத்திய கார்டை லேப்டாப் ஏற்க மறுக்கும் முறையையும் உணர்த்துதல் நுதலிற்று. முன்னது ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் எவரும் செய்யக்கூடியது. பின்னதில்தான் மெத்தப் படித்தவர்களும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஆதலின் பின்னதற்கே உரை பெருகும் என்க.

வைஃபை கார்டு அகம், புறம் என இருவகைப்படும். யூஎஸ்பி துளையில் செருகும் டாங்கிளும், பக்கவாட்டில் நுழைக்கும் பிசிஎம்சிஐஏ கார்டும் புறம். இவை ஊரறிய வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பையில் வைக்கும்போது முதலில் உடைவதும் இவையே. அகக்கார்டு கீபோர்டுக்கும் கையூன்றும் பலகைக்கும் கீழே கிடக்கும். அதன் ஆன்டெனா மட்டும் மூடியில், திரையின் ஓரமாக, உயரத்தில் நிற்பதால் சிக்னல் நன்றாகப் பிடிக்கும். இருநூறு முந்நூறு ரூபாய்க்கு ஒரு டாங்கிள் வாங்கிச் செருகினால் தீர்ந்தது என்பாரும் உளர். அவர் சொல்வது சரிதான். ஆனால் அதை ஏற்றால் இக்கட்டுரைக்கே வேலையில்லாமல் போவதால் அக்கூற்று தள்ளப்படுகிறது.

முன்னோர் வரலாறு சுருக்கமானது. 1999 ஜூலையில் நியூயார்க் மேக்வேர்ல்டு மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளின் ஐபுக் லேப்டாப்பைக் கையில் ஏந்தி இணையத்தில் உலவினார். ஒயர் எதுவும் இல்லை என்று காட்ட ஒரு வளையத்தை அதைச் சுற்றி நுழைத்து எடுத்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆன்டெனா பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஏர்போர்ட் என்னும் வைஃபை கார்டுக்கு மட்டும் தனியாக 99 டாலர். இடத்தைக் காலியாக விட்டு, அதை நிரப்பும் பண்டத்தைத் தனியே விற்கும் மரபுக்கு இதுவே நல்ல எடுத்துக்காட்டு. 2003 மார்ச்சில், வைஃபையையும் சேர்த்தே கொண்ட இன்டெல் சென்ட்ரினோ வந்தது. அதன்பின் கார்டு இல்லாத லேப்டாப் ஏதோ குறைப்பிறவி போலத் தோன்றத் தொடங்கியது.

அதே 2003இல் வந்த ஐபிஎம் திங்க்பேட் டி40 இங்கே மேற்கோள் நூலாகக் கொள்ளப்படுகிறது. வைஃபை இல்லாமல் விற்ற லேப்டாப்புகள் பலவற்றிலும் ஆன்டெனா ஒயர் ஏற்கெனவே ஓடிவந்து, ஸ்லாட்டின் பக்கத்தில் சும்மா படுத்திருக்கும். பேட்டரியைக் கழற்றி, அடியில் உள்ள ஸ்க்ரூக்களை எடுத்து, கீபோர்டையும் கையூன்றும் பலகையையும் தூக்கினால் மினி பிசிஐ ஸ்லாட் தெரியும். 124 முனைகள் கொண்ட கார்டைச் சாய்வாக நுழைத்து அமுக்கினால் இரு பக்கக் கொக்கிகளும் கவ்விக்கொள்ளும்.

அடுத்தது ஆன்டெனா ஒயர். அதன் முனையில் மிளகை விடச் சிறிய ஓர் உலோகத் தொப்பி. கார்டில் உள்ள குமிழின் மீது அதை நேராக நிறுத்தி, கட்டைவிரல் நகத்தால் அழுத்த வேண்டும். சற்றே கோணினாலும் தொப்பி வழுக்கி ஓடும். பலத்தைக் காட்டினால் விளிம்பு நசுங்கும். சரியாக உட்கார்ந்தால் ‘டிக்’கென்று ஒரு சத்தம், காதுக்கு அல்ல, நகத்துக்குக் கேட்கும். இந்த யு.எஃப்.எல் இணைப்பைச் செய்யும் ஹிரோஸே நிறுவனம் இதற்குக் கொடுத்திருக்கும் ஆயுள் முப்பது முறை மாட்டிக் கழற்றுவதுதான். பொழுதுபோகாமல் கழற்றி மாட்டுவோர் இதைக் கணக்கில் கொள்க.

எல்லாம் மூடி, பவர் பட்டனை அமுக்கியதும் கறுப்புத் திரையில் வரும் வாசகம்: பிழை 1802. அனுமதியில்லாத நெட்வொர்க் கார்டு செருகப்பட்டுள்ளது, மின்சாரத்தை நிறுத்திக் கார்டை அகற்றுக. அவ்வளவுதான், விண்டோஸ் வரை போகவே விடாது. எச்பி லேப்டாப்புகளில் இதே நோய்க்கு 104 என்று பெயர்.

காரணம் என்னையெனின், லேப்டாப்பை முதலில் எழுப்பும் நிரலான பயாஸுக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. கார்டைச் செய்தவர் எண், கார்டின் வகை எண், அதைத் தன் பெயரில் விற்ற நிறுவனத்தின் எண் ஆகியவற்றைப் பயாஸ் படிக்கும். பட்டியலில் இல்லாவிட்டால் வாசலோடு சரி. இன்டெல் செய்த ஒரே கார்டு, ஐபிஎம் எண்ணோடு வந்தால் நுழையும். வேறொரு நிறுவனத்தின் எண்ணோடு வந்தால் நுழையாது. யானை ஒன்றுதான், வடகலை நாமமா, தென்கலை நாமமா என்பதுதான் வழக்கு.

நிறுவனங்கள் தரப்பில் சொல்லப்படும் சமாதானம் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் விதி. ரேடியோவும் ஆன்டெனாவும் சேர்த்தே சோதிக்கப்பட்டுச் சான்று பெறுகின்றன. கண்ட கார்டைக் கண்ட ஆன்டெனாவில் மாட்டினால் அலையின் வலிமை எல்லை மீறலாம். தன் ஆன்டெனாவைத் தானே சுமந்து வரும் டாங்கிளை எந்த பயாஸும் தடுக்காதது இதற்குச் சான்றாகும். சமாதானத்தில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதிக்கு ஒரு வினா போதும்: கார்டு ஆகாதென்றால் கார்டை மட்டும் அணைத்து வைக்கலாமே, முழு லேப்டாப்பையும் ஏன் நிறுத்த வேண்டும்? ரேடியோ விதி எதுவும் அப்படிக் கேட்கவில்லை. தன் எண் பொறித்த கார்டை மட்டுமே விற்க வேண்டியவர்க்கே அந்தத் தேவை.

இதற்கு எதிர்வாதிகள் கண்ட மருந்து வியப்புக்குரியது. பயாஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் சீமாஸ் நினைவகத்தில், ஹெக்ஸ் கணக்கில் 6ஏ என்ற இடத்தில் உள்ள ஒரே ஒரு பிட்டைப் பூஜ்யத்திலிருந்து ஒன்றாக்கினால் பயாஸ் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. சில பைட்டுகளே உள்ள ஒரு சிறு நிரலை டாஸில் ஒருமுறை ஓட்டினால் போதும். அக்காலத் திங்க்பேடுகள் பலவற்றில் இது பலித்தது. பின்வந்த மாடல்களில் அவ்வழி அடைபட்டது; பட்டியலை வெட்டியெடுத்த, திருத்தப்பட்ட பயாஸை ஏற்றுவோர் பிறந்தனர். ஏற்றும்போது கரண்ட் போனால் லேப்டாப்பும் போகும் என்பதை அவர்கள் மெல்லிய குரலில்தான் சொல்வார்கள்.

மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் காலத்தில் ‘டேப் மரபு’ தோன்றியது. அக்கார்டுக்கு 52 முனைகள். அவற்றில் இருபதாவது முனை ரேடியோவை அணைக்கச் சொல்லும் கட்டளையைச் சுமப்பது. பழைய லேப்டாப் அதைத் தவறாகச் செலுத்தினால் கார்டு உயிரோடிருந்தும் வாய் திறக்காது. அம்முனையின் மேல் மட்டும் டேப் ஒட்டினால் பேசும். புதுக் கார்டில் ப்ளூடூத் ஊமையானால் ஐம்பத்தோராவது முனைக்கும் அதே வைத்தியம். முனைக்கு முனை தூரம் 0.8 மில்லிமீட்டர் என்பதால், டேப்பை வெட்டுவதற்குப் புது பிளேடும் பூதக்கண்ணாடியும், வீட்டில் யாரும் கூப்பிடாத ஒரு மதியமும் தேவை.

ஒழிபியல். மினி பிசிஐ எக்ஸ்பிரஸில் முழு அளவுக் கார்டின் நீளம் 50.95 மில்லிமீட்டர், அரைக் கார்டு 26.8. பழைய ஸ்லாட்டில் அரைக் கார்டைப் போட்டால் ஸ்க்ரூ துளை எட்டாது, கார்டு மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு நிற்கும். நீட்டிக் கொடுக்க ஒரு தகடு கிடைக்கும். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் கார்டோடு சேர்த்தே கொடுத்துவிடுவார்கள். கார்டு வாங்கும்போது மாடல் எண்ணைச் சொல்லி வாங்குக. ‘எல்லாத்துக்கும் சேரும் சார்’ என்பது பாடபேதம்.

இனி எஞ்சிய ஸ்க்ரூ. திங்க்பேடின் அடிப்புறத்தில் கீபோர்டு ஸ்க்ரூ எது, ரேம் ஸ்க்ரூ எது என்று துளைக்கருகே குட்டிப் படம் போட்டிருப்பார்கள். நீளமானதைக் குட்டைத் துளையில் திருகினால் உள்ளே எதையாவது குத்தும். படத்தைப் பார்த்து மாட்டிய பின்னும் ஒன்று மிஞ்சினால், லேப்டாப் குலுங்காமல் ஓடும்வரை அதை மிகை எனக் கொண்டு டிராயரில் போடுக.