நாற்பதில் கழிந்த ஐந்து கிலோ

எங்கள் தோட்டத்தில் டென்னிஸ் என்பது ஆட்டத்தின் பெயரல்ல, ஓர் இடத்தின் பெயர். “டெனிஸ்ல மாட்டைக் கட்டிட்டு வாறேன்” என்பார்கள். துரை பங்களாவுக்குக் கீழே, வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிப் போட்ட சமதரை அது. யட்டியாந்தோட்டைப் பக்கத்து மலையில் சமதரை லேசில் கிடைக்காது. இரத்தினபுரிக்காரர்களுக்குத் தோண்டினால் மாணிக்கமாவது கிடைக்கும். எங்களுக்கு மண்சரிவுதான் கிடைக்கும்.

அம்மாயி சிறுபிள்ளையில் அங்கே பந்து பொறுக்கியவர். கூலி, ஆட்டத்துக்கு ஒரு பிஸ்கட். துரை தோற்ற நாளில் அதுவும் இல்லை. “துரை நல்லா வெளாடுவாரா அம்மாயி?” என்று கேட்டால், “எனக்கு எப்படிடா தெரியும்? நான் பந்தையில்ல பாத்துக்கிட்டிருந்தேன்” என்பார்.

அப்படிப்பட்டவருக்கு, பந்தே இல்லாத டென்னிஸைக் காட்டிய பாவம் என்னைச் சேர்ந்தது.

அது 2022 செப்டம்பர். 1964-இல் வந்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஆட்களைப் பங்கு பிரித்தபோது அம்மாயியின் தம்பி குடும்பம் இந்தியாவின் பங்காகக் கப்பலேறியது, நாங்கள் இலங்கையின் பங்காக லயத்தில் நின்றோம். அந்தத் தம்பியின் பேரன், எனக்குத் தம்பி முறை, இப்போது சென்னையில் வேலை பார்க்கிறான். நுங்கம்பாக்கம் மைதானத்தில் ஆண்கள் ஆடிய சென்னை ஓப்பன் 2017-உடன் முடிந்து புனேவுக்குப் போய்விட்டது. ஐந்து வருசம் கழித்துப் பெண்களுக்கான டபிள்யூ.டி.ஏ. போட்டியாக அது திரும்பி வந்தது. அந்த மட்டத்துப் பெண்கள் போட்டி இந்தியாவில் நடந்து 14 வருசம் ஆகியிருந்ததால் தம்பிக்கு ஒரே புல்லரிப்பு. வாட்ஸ்அப்பில் தினமும் விவரம் வரும்.

முதல் சுற்றிலேயே ஒரு துக்கச் செய்தி. போட்டியின் முதல்நிலை ஆட்டக்காரி, அமெரிக்காவின் அலிசன் ரிஸ்க்-அமிர்தராஜ், தோற்றுவிட்டார். அவர் ஆனந்த் அமிர்தராஜின் மகனைக் கட்டியவர், ஆகவே சென்னைக்கு மருமகள். தம்பி மூக்கால் அழுதான். அம்மாயி அசரவில்லை. “மாமியார் ஊர்ல எந்த மருமகடா ஜெயிச்சிருக்கா?”

18-ஆம் திகதி, ஞாயிறு, இறுதி ஆட்டம். தம்பி அரங்கத்திலிருந்தே வீடியோ அழைப்பில் வந்தான். எங்கள் லயத்தில் சிக்னல் பிடிக்கிற இடம் ஒன்றே ஒன்று: வாசற்கால், அதுவும் தலைக்கு மேலே ஒரு சாண். அங்கே ஆணியடித்து ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டையை மாட்டி, அதற்குள் போனை நிறுத்தினேன். பக்கத்துக் காம்பராக்காரர்களும் வந்து கூடி, எல்லாரும் கோயில் தேரைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து நின்றோம்.

அரங்கம் தெரிந்தது. வெளிச்சம் தெரிந்தது. இந்தப் பக்கம் போலந்தின் மக்டா லினெட், அந்தப் பக்கம் செக் நாட்டின் லிண்டா ஃப்ருவிர்தோவா, வயது 17. பந்து மட்டும் தெரியவில்லை. எங்கள் சிக்னலுக்கு அவ்வளவு சின்னப் பொருளைக் கடல் தாண்டித் தூக்கி வரத் தெம்பில்லை. இரண்டு பெண்கள் வெறுங்காற்றை ஓங்கி ஓங்கி வீசிக்கொண்டிருந்தார்கள்.

“கொசு அடிக்கிறாளுகளா?”

“இல்ல பாட்டி, பந்து இருக்கு!” என்று சிரட்டைக்குள்ளிருந்து தம்பி கத்தினான்.

“அந்தப் பந்து எதுல செய்றாங்க, தெரியுமா?” என்று நான் வாத்தியார் வேலையில் இறங்கினேன். ரப்பரில் இரண்டு அரைக்கோளம் செய்து, வாயோடு வாய் வைத்து ஒட்டி, மேலே கம்பளி போர்த்துவார்கள் என்றேன். “ரெண்டு சிரட்டைய மூடுன மாதிரின்னு சொல்லு” என்றார். இவ்வளவு கச்சிதமாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் முதலில் ஏழு கேமுக்கும், பிறகு ஒவ்வொரு ஒன்பது கேமுக்கும் பந்தை மாற்றிவிடுவார்கள் என்றதும் முகம் மாறியது. அட்டைக்கடியில் நின்று ரப்பர் பால் வெட்டியவர் அவர். “ஏன், நொந்து போயிருமாக்கும்?”

அடுத்தது, உயர நாற்காலி நடுவர். “இந்தக் கங்காணி எறங்கவே மாட்டானா?” அந்தக் கங்காணி என்ன கத்துகிறார் என்று நான் விளக்கியதில்தான் வினை வந்தது. பூச்சியத்துக்கு அவர்கள் வைத்திருக்கிற ‘லவ்’ என்ற பெயரைச் சொல்லக் கூசியதால் அதைத் தாண்டினேன். “மொதப் புள்ளிக்குப் பதினஞ்சு, ரெண்டாவதுக்கு முப்பது.”

“அப்புறம் நாப்பத்தஞ்சு.”

“இல்ல அம்மாயி, நாப்பது.”

லயமே அமைதியானது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் முப்பது வருசம் தராசு முள்ளைப் பார்த்த கண்கள் என்னைப் பார்த்தன. “அஞ்சு கிலோ எங்கடா?”

நாற்பத்தைந்து என்பதுதான் சொல்லச் சொல்லத் தேய்ந்து நாற்பதாகிவிட்டதாகப் படித்திருக்கிறேன். அம்மாயியிடம் அது எடுபடுமா? “சாக்குக்கு ரெண்டு, தண்ணிக்கு மூணு. எல்லா ஊர் கணக்கப்புள்ளையும் ஒரு வயித்துல பொறந்தவனுகதான்.” கூடியிருந்த பெண்கள் ஒரே குரலில் ஆமோதித்தார்கள். டென்னிஸ் விதிக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

தோட்டக் கணக்குக்குக் கட்டுப்படாத ஒன்றும் அதில் உண்டு. இந்த வகைப் போட்டிக்கு ‘250’ என்று பேர். அந்த வருசம் ஜெயித்தவருக்குக் கொடுத்த தரவரிசைப் புள்ளி 280. தம்பி இதைச் சொன்னதும் அம்மாயி நம்பவில்லை. எங்களுக்கு 2021-இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று அறிவித்தார்கள். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி, போட்டு, வருவதிலும் பிடித்தம் போக மிச்சத்தைத்தான் கையில் பார்ப்போம். சொன்னதைவிடக் கூடக் கொடுக்கிற முதலாளி உலகத்தில் இருக்கிறான் என்பதை அவர் அன்றுதான் கேள்விப்பட்டார். “அங்க பேர் பதிய ஆள் எடுக்கிறாங்களான்னு கேளு.”

முதல் செட்டை 6-4 என்று லினெட் எடுத்தார். அடுத்தது 6-3, சின்னப் பெண்ணுக்கு. ஆளுக்கொரு செட். அப்போது டேட்டா தீர்ந்தது. ரீலோட் போடக் கடைக்கு ஓடினேன். பூட்டு. லயத்துப் பிள்ளைகளின் போன்களைக் கெஞ்சி வாங்கினால் ஒன்றில் சார்ஜ் இல்லை, மற்றதில் காசு இல்லை. மூடிய கடை வாசலில் நின்று, ஒரு செட் டென்னிஸுக்காக இவ்வளவு மனம் நொந்த முதல் தோட்டக்காரன் நானாகத்தான் இருப்பேன். திரும்பி வந்தபோது அம்மாயி சிரட்டையைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகும் ஆட்களோடு கீழே இறங்கி, ரோட்டில் சிக்னல் கிடைத்ததும் செய்தி வந்தது: மூன்றாவது செட்டும் 6-4 என்று ஃப்ருவிர்தோவாவுக்கு. அது அவருடைய முதல் டபிள்யூ.டி.ஏ. பட்டம். மேலே ஓடிப்போய்ச் சொன்னேன்.

“அந்தப் புள்ளைக்கு முழுப்பேரா?”

“முழுப்பேர் அம்மாயி.”

“அஞ்சு கிலோவ வெட்டியும் நெறச்சிருக்கா பாரு” என்றார்.

2025-இல் போட்டி மறுபடி நுங்கம்பாக்கத்துக்கு வந்தது. நவம்பர் 2-ஆம் திகதி இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரெல்லை 6-4, 6-3 என்று வென்றவர் இந்தோனேசியாவின் ஜேனிஸ் ஜென். அங்கேயும் ரப்பர் தோட்டம் உண்டு என்று சொன்னேன். “அப்பன்னா நம்ம சாதிசனம்” என்று அம்மாயி அவரையும் பேர்ப் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டார். இந்தத் தடவை தம்பி மேல்வரிசையில் உட்கார்ந்திருந்தான். பந்து மட்டுமல்ல, ஆட்களும் தெரியவில்லை.

அடுத்த முறை நுங்கம்பாக்கத்துக்கு டிக்கெட் எடுக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இலங்கையில் உங்களுக்குச் சொந்தபந்தம் இருந்தால், தயவுசெய்து முன்வரிசையாகப் பார்த்து எடுங்கள். மறுபடி மாட்டிய சிரட்டையை நாங்கள் இன்னும் கழற்றவில்லை.