குறைகூறலியல்: குன்னம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

மனுஷ்ய ஜாதி பேசக் கற்றுக்கொண்டதன் பிரதான பிரயோஜனம் குறை சொல்லுவதே என்பதில் பாஷா சாஸ்திரிகளுக்குள் அபிப்பிராய பேதம் இருக்கலாமாயினும், சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகின்ற, மழை பொய்த்தால் பொய்த்ததென்றும் பெய்தால் பெய்துவிட்டதென்றும் வருந்துவதற்கு நியாயமான காரணங்கள் வாய்ந்த பெரம்பலூர் ஜில்லாக் குன்னம் தாலுகாவில் ஒரு காலைப்பொழுதேனும் டீக்கடைப் பலகையில் உட்கார்ந்தவர் எவரும் அதனை மறுக்கத் துணியார். அங்ஙனமிருக்க, அகராதிக்காரர்களோ முணுமுணுப்பு, அங்கலாய்ப்பு, பிராது, புகார், மனு, முறையீடு முதலிய சொற்களை ஒன்றற்கொன்று பொருளாக எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டனர். இவ்வநியாயத்தைக் குறித்து அங்கலாய்ப்பதா, புகார் செய்வதா, முறையிடுவதா என்று தீர்மானிக்கப் புகுந்ததன் விளைவே இந்த ஆராய்ச்சி.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நிலைக்களமாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கினை வகுத்தார். பிறர் மதியாமை இளிவு. உடையதை இழத்தல் இழவு. பண்டை நிலை கெட்டுத் தாழ்தல் அசைவு. வறுமைக்கு உரை வேண்டா. 2018-ஆம் ஆண்டில் மக்காச்சோளக் குருத்தைப் படைப்புழு குடைந்தபோது இவ்வட்டாரத்து விவசாயி இந்நான்கினையும் ஒரே பருவத்தில் அனுபவித்துத் தொல்காப்பியத்துக்கு உரை எழுதும் தகுதியைப் பெற்றுவிட்டார். ஆனால் கவனிக்க வேண்டியது யாதெனில், துக்கம் ஒன்றேயாயிருக்க, அதே மனிதர் அதனை வயலில் முணுமுணுத்தார், டீக்கடையில் அங்கலாய்த்தார், கலெக்டர் அலுவலகத்தில் மனுவாக எழுதினார், கோயிலில் முறையிட்டார். ஆகவே இச்சொற்களைப் பகுக்கும் தத்துவம் சொல்லுவோன் மனத்தில் இல்லை, கேட்போன் காதில் இருக்கிறது என்பது நமது சித்தாந்தம்.

கண்ணீரைப் பிரமாணமாகக் கொள்ளலாகாதா என்று ஆட்சேபிப்பார் உளர். பிற ஜில்லாக்களில் கொள்ளலாம். தெருவுக்கு நான்கு திண்ணைகளில் பெண்கள் கூடியமர்ந்து வெங்காயத்தின் தாளறுத்து ஆய்ந்துகொண்டிருக்கும் இப்பிரதேசத்தில், கண்ணீருக்குக் காரணம் மருமகளா கந்தகமா என்று நிர்ணயிக்க இயலாமையால் அப்பிரமாணம் தள்ளுபடி செய்யப்பட்டது.

முதலாவது, முணுமுணுப்பு. இது கேட்பவர் இல்லாத பேச்சு என்று பலர் கருதுவது பெரும்பிழை. முணுமுணுப்புக்குக் கேட்பவர் உண்டு. ஏதோ சொல்லப்பட்டது என்பது மட்டும் அவர் காதில் விழ வேண்டும், என்ன சொல்லப்பட்டது என்பது விழலாகாது. இந்த அளவைச் சரியாகப் பிடிப்பதற்கு நெடுநாள் சாதகம் வேண்டும். திண்ணையில் வெங்காயம் ஆயும் மாமியார், குடத்தை இறக்கிவைத்த மருமகள் முதுகு திரும்பியதும் உதட்டளவில் இரண்டு வார்த்தை உதிர்க்க, மருமகள் நின்று, “என்ன அத்தை சொன்னீங்க?” என்று வினவ, “நான் என்னத்தைச் சொன்னேன்? வெங்காயம் சொத்தையா இருக்குன்னேன்” என்று விடை வருமாயின், முணுமுணுப்பு இலக்கண சுத்தமாக நிறைவேறியது என்று கொள்க. வெங்காயம் சொத்தையாக இருந்ததா என்பது இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானது.

அங்கலாய்ப்போ சமானமானவரிடத்தில், அதிலும் நமக்கு யாதொன்றும் செய்ய இயலாத சமானமானவரிடத்தில் மட்டும் நிகழ்வது. இதற்கு மங்கல வாழ்த்துப்போல் ஒரு தொடக்கம் உண்டு: “என்னத்தைச் சொல்றது போங்க.” சொல்ல ஒன்றுமில்லை என்று அறிவித்துவிட்டு முக்கால் மணி நேரம் சொல்லுவதே மரபு. விலை விழுந்துபோன வெங்காயத்தைப் பற்றி ஒருவர் தொடங்க, இன்னொருவர் தம் வயலில் வந்த திருகல் நோயால் அதனை வழிமொழிய, மூன்றாமவர் உர விலையைக் கொண்டுவந்து சேர்க்க, கச்சேரி சுருதி சேர்ந்து நடக்கும் அவ்வேளையில், வெளியூரிலிருந்து வந்த எவனோ ஒரு பிள்ளையாண்டான், “பட்டறை போட்டு வைச்சு, விலை ஏறினதும் விற்கலாமே?” என்று பரிகாரம் கூறிவிட்டால் சபை ஸ்தம்பித்துவிடும். பட்டறையில் அழுகிப்போவது எவ்வளவு, தவணைக்காரன் பொறுப்பானா என்பதையெல்லாம் அறியாதவரல்லர் அங்கிருந்தோர். ஆயினும் அவர்களைப் புண்படுத்தியது யோசனையின் குற்றமன்று. அங்கலாய்ப்புக்கு விடை சொன்ன அபசாரமே. ‘ஆமாமா’ என்பதற்கு மேற்பட்ட எந்தப் பதிலும் இங்கே இங்கிதக் குறைவாகும்.

நொட்டை சொல்லுதல், மூக்கால் அழுதல், சாடை பேசுதல் ஆகியவை உபஜாதிகள், விரிவஞ்சி விடுக்கப்படுகின்றன. ஆவலாதி தெற்கத்திச் சீமைச் சரக்கு. அதனைத் திருநெல்வேலிப் பண்டிதர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பஞ்சாயத்தாரிடம் வைப்பது பிராது, போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பது புகார். முன்னது பாரசீகத்திலிருந்தும் பின்னது இந்துஸ்தானியிலிருந்தும் வந்து குடியேறியவை. குறை சொல்லுவதற்குச் சொந்தச் சரக்குப் போதாமல் அந்நிய தேசத்திலிருந்தும் தருவித்துக்கொண்ட நம்மவர், வந்த சொற்களை வீணாக்காமல் இன்றளவும் வேலை வாங்குகின்றனர் என்பது மெச்சத்தக்கதே. இங்கிலீஷிலிருந்து பெற்ற ‘கம்ப்ளெயிண்ட்’ என்பதை மட்டும் பெரும்பாலும் மோட்டார் பம்புசெட்டுக்கும் வயிற்றுக்கும் ஒதுக்கிவிட்டனர்.

மனு காகிதத்தில் உள்ளது. ஆதலால் அதற்குக் காது வேண்டாம், கிழமை வேண்டும். அது திங்கட்கிழமை. அன்று கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அதற்கு மனுநீதி நாள் என்றும் ஒரு பெயருண்டு. திருவாரூரில் கன்றை இழந்த பசு மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியை அசைத்ததே, அந்தப் பசு மனு எழுதவில்லை, நகல் எடுக்கவில்லை, ஆதார் அட்டை இணைக்கவில்லை. இருந்தும் விசாரணை நடந்தது. 1995-இல் திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலிருந்து பெரம்பலூர் பிரியும்வரை குன்னத்துக்காரர் கலெக்டரைக் காணத் திருச்சிக்கே பஸ் ஏற வேண்டியிருந்தது. அரியலூரோ 2001-இல் தனி ஜில்லாவாகி, 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007-இல் திரும்பவும் தனியாயிற்று. இவ்விடைக்காலத்தில் தன் குறை எந்த ஊரைச் சேர்ந்தது என்று செந்துறைப் பக்கத்துக் குடியானவர் திகைத்திருந்தால் அவரைக் குற்றம் சொல்லலாகாது. இன்றைக்கும் குன்னம் சட்டமன்றத் தொகுதி இரண்டு ஜில்லாக்களிலும் கால்வைத்து நிற்கிறது. ஓட்டு ஒருவருக்கு, மனு இருவருக்கு.

இனி முறையீடு. தமிழில் இதன் ஆதிகர்த்தா கண்ணகி என்பதில் ஐயமில்லை. முணுமுணுக்கவில்லை, அங்கலாய்க்கவில்லை, கையில் ஒற்றைச் சிலம்பைச் சாட்சியமாக ஏந்தி, தன் ஊரும் பேரும் தெளிவுறச் சொல்லி, தீர்ப்பளித்தவனையே எதிரியாக நிறுத்தி வாதாடினாள். அவள் பிறந்த ஊர் புகார் என்பதைக் கொண்டு அச்சொல்லின் உற்பத்தியை நிர்ணயிக்கும் சபலம் எந்த ஆராய்ச்சியாளனுக்கும் எழும். காவிரி கடலில் புகும் இடம் என்பதே அவ்வூர்ப் பெயர்க்காரணம் என்று பெரியோர் உரைத்துவிட்டமையால் அடக்கிக்கொண்டோம்.

ஆனால் அவள் கதை மதுரையோடு முடிவதாக இவ்வட்டாரத்தார் ஒப்புக்கொள்வதில்லை. ஊரை எரித்தபின் சினம் தணியாது நடந்துவந்தவள் பெரம்பலூருக்குத் தெற்கே சிறுவாச்சூரில் அமர்ந்து மதுரகாளியம்மன் ஆனாள் என்பது ஐதிகம். தன் வழக்கில் தீர்ப்புக் காலங்கடந்து கிடைத்த வாதியே நீதிபதியாக வீற்றிருக்கும் சந்நிதி இது. அங்கே ரசீது கிடையாது, எண் கிடையாது, ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்னும் பதிலும் கிடையாது. எனினும் ஒரு நியதி உண்டு: விசேஷ தினங்கள் நீங்கலாக, மரபுப்படி நடை திறப்பது திங்களும் வெள்ளியும் மாத்திரமே. கலெக்டரும் காளியும் திங்கட்கிழமையைப் பங்கிட்டுக்கொண்டிருப்பது, காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இரண்டு வேலையையும் ஒரே பஸ் செலவில் முடிக்க விரும்புவோர்க்குப் பேருபகாரம்.

தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வரும் வாரங்களில் மட்டும் இவ்வேற்பாடு குலைகிறது. குறைதீர்க்கும் கூட்டத்தை நிறுத்திவைத்து, வாயிலில் ஒரு பெட்டியை வைத்து, மனுவை அதில் போடச் சொல்லுகிறார்கள். கேட்பவரைக் கொண்டே வகை பிரிக்கும் நமது சித்தாந்தப்படி, பெட்டிக்குள் விழுந்த மனுவை எழுத்து வடிவிலான முணுமுணுப்பு என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. அவ்வாரங்களில் சிறுவாச்சூர் பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காவிட்டால் அதில் வியப்பில்லை; நடத்தை விதி அம்மனைக் கட்டுப்படுத்துவதாக எந்தச் சுற்றறிக்கையும் இதுவரை வரவில்லை.