எண்ணூறு சுற்று

மணிக்கு 70 மைல் வேகத்தில் போகும்போது என் காரின் எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 3,900 தடவை சுற்றுகிறது. ஓவர்டிரைவ் என்ற சங்கதி ஒழுங்காக வேலை செய்தால், அதே வேகத்துக்கு ஏறக்குறைய 3,100 போதும். எஞ்சினுக்கு ஓய்வு, காதுக்கு ஓய்வு, பெட்ரோலும் மிச்சம். இந்த 800 சுற்றை மிச்சம் பிடிக்கலாமென்று கிளம்பியவன் நான். எஞ்சின் இப்போது ஓய்வாக இருக்கிறது. என் இடுப்புதான் இன்னும் நிமிரவில்லை.

கார், 1978இல் பிறந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500. நான் குடியிருக்கும் இதே கவென்ட்ரியில், கேன்லி தொழிற்சாலையில் செய்தது. இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவதாக ஒரு குடையை அனுமதிக்கும். மேலே ரெக்ஸின் கூரை. இதை வாங்கியதற்குக் காரணம் அப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. மெட்ராஸில் தயாரான அந்த ஹெரால்டின் மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு. அதன் சட்டகத்தைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரைப் படைத்தார்கள். இரண்டுக்கும் வடிவம் கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். மூக்கோடு சேர்ந்து முழுசாக முன்பக்கம் கவிழும் அந்த பானெட்டைப் பார்த்ததும் மாம்பலத்து வீட்டு வாசல் ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவின் வண்டியை நாங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் பின்னாலிருந்து, தள்ளியபடிதான் பார்த்திருக்கிறோம் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை. விதி அப்படித்தான் வேலை செய்யும்.

ஓவர்டிரைவ் என்பது கியர் பாக்ஸின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு குட்டி கியர் பாக்ஸ். யோசனை, கேப்டன் எட்கர் டி நார்மன்வில் என்பவருடையது. பத்திரிகைகளில் கார்களைப் பற்றி எழுதிவந்தவர். (பத்திரிகைக்கு எழுதுகிறவர்களைக் கையில் ஸ்பேனரோடு விடக்கூடாது என்பதற்கு அவர் விதிவிலக்கு, நான் விதி.) தயாரித்தது ஷெஃபீல்டின் லேகாக் கம்பெனி. உள்ளே நடுவில் சூரியச் சக்கரம், அதைச் சுற்றிக் கோள் சக்கரங்கள், எல்லாவற்றையும் வளைத்து உள்பக்கம் பல் வைத்த ஒரு வளையம். சூரியனைப் பிடித்து நிறுத்திவிட்டால், கோள்கள் அதன்மேல் உருண்டு வளையத்தை இன்னும் வேகமாக ஓட்டும். சூரியனைப் பிடித்து நிறுத்துவது ஒரு கூம்பு. கூம்பை நகர்த்துவது ஆயிலின் அழுத்தம். ஆயிலுக்கு வழி விடுவது சோலினாய்டு. சோலினாய்டுக்கு உத்தரவு போடுவது கியர் கம்பியின் குமிழில் உள்ள சின்ன ஸ்விட்ச். தாலுகா ஆபீஸ் மாதிரிதான். இத்தனை மேஜை தாண்டினால்தான் கையெழுத்து.

என் வண்டியில் ஃபைல் எங்கோ நின்றது. காலைக் குளிரில் ஸ்விட்சைத் தட்டினால் ஓவர்டிரைவ் விழும். வண்டி சூடானதும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். சோலினாய்டு மட்டும் ஒவ்வொரு தடவையும் 'டக்' என்று விசுவாசமாகச் சொல்லும். ஆகவே மின்சாரத்தில் குற்றமில்லை, உள்ளேதான் கோளாறு என்று தீர்மானித்தேன். "கிரகம் சரியில்லை" என்று அம்மா ஆயுசு முழுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஸ்பேனர் எடுத்துக்கொண்டு கிரகத்தையே கழற்றப் போன முதல் ஆள் எங்கள் வம்சத்தில் நான்தான்.

ஸ்பிட்ஃபயரின் கியர் பாக்ஸைக் காருக்கு அடியிலிருந்து எடுக்க முடியாது. உள்ளிருந்து, நாம் உட்காரும் இடத்தின் வழியாகத்தான் எடுக்க வேண்டும். சீட்டுகளைக் கழற்றினேன். கார்ப்பெட்டைச் சுருட்டினேன். நடுவே முதுகெலும்பு மாதிரி ஓடும் மூடியைத் திறக்கப் போனால், அது அட்டை! இரும்பென்று நம்பி நாலு வருஷம் அதன்மேல் முழங்கையை ஊன்றியிருக்கிறேன். துருப்பிடித்த ஸ்குரூக்கள் வர மறுத்தன, அட்டை மட்டும் வந்தது. பிறகு புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர் மோட்டார், அரை அங்குல நட்டுகளின் ஊர்வலம். கடைசியில், சீட் இல்லாத காரின் தரையில் சம்மணமிட்டு, அரிசி மூட்டை கனமிருந்த கியர் பாக்ஸைக் குழந்தை போல மடியில் ஏந்தி உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க வழியில்லை. மனைவி வேலையிலிருந்து வரும்வரை, ஒரு மணி நேரம் அப்படியே இருந்தோம். நானும் அதுவும் நன்றாகப் பழகிவிட்டோம்.

கியர் பாக்ஸ் சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்தார். கேன்லியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுற்றிச் சுற்றி வந்தார். டீ குடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஃபில்டரைப் பார்த்தீர்களா?"

"எந்த ஃபில்டர்?"

"அடியில் ஒரு தட்டு இருக்கிறதே, அதைக் கழற்றினால் வரும். காருக்கு அடியில் படுத்துக்கொண்டே கழற்றலாம். இதையெல்லாம் வெளியே எடுக்க வேண்டியதில்லை."

திறந்து பார்த்தோம். சல்லடையில் நாற்பது வருஷத்து வண்டல், கருவேப்பிலைத் துவையல் பதத்தில் அப்பிக்கிடந்தது. பெரியவர் நாகரிகமானவர், ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு டீ மட்டும் கேட்டார்.

வந்தது வந்தோம் என்று முழுவதையும் பிரித்தேன். கூம்பின் லைனிங் பளபளவென்று தேய்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். புதுக் கூம்பு, புது ரப்பர் வளையங்கள், பேரிங்குகள் எல்லாம் தபாலில் வந்தன. எந்த ஆயில் ஊற்றுவது என்று இரண்டு பேரிடம் கேட்டேன். அது தப்பு. ஜிஎல்-4 கட்சிக்கும் ஜிஎல்-5 கட்சிக்கும் இருக்கும் தகராறுக்கு முன்னால் கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்ற வழக்கெல்லாம் சும்மா. பித்தளை, வெண்கலப் பாகங்களை ஜிஎல்-5 அரிக்கலாம் என்ற பயத்தில் நான் ஜிஎல்-4க்கு மாறினேன். எதிர்க்கட்சிக்காரர் இப்போது என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

உண்மையான சோதனை, ஓவர்டிரைவை மறுபடி கியர் பாக்ஸோடு சேர்ப்பது. உள்ளே எட்டிப் பார்த்தால் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பல்வரிசைகள். ஒன்று கோள்களைத் தாங்கும் சட்டத்தினுடையது, இன்னொன்று ஒருவழி கிளட்சினுடையது. நீள ஸ்குரூ டிரைவரை விட்டு இரண்டையும் நேர்கோட்டில் நிறுத்த வேண்டும். பிறகு மூச்சு விடாமல், மேலிருந்து ஷாஃப்டை இறக்க வேண்டும். பம்பை ஓட்டும் கேமும் தன் இடத்தில் போய் உட்கார வேண்டும். இறங்கியது, இறங்கியது, அரை அங்குலம் பாக்கி இருக்கும்போது நின்றுவிட்டது. நட்டைப் போட்டு முடுக்கி இழுத்தால் உள்ளே ஏதாவது உடையும். தூக்கினேன், இறக்கினேன். அரை அங்குலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த அரை அங்குலத்திலேயே போயிற்று.

சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"ஏங்க, மிக்ஸி ஜார் உக்காரலைன்னா அழுத்துவீங்களா, லேசாத் திருப்புவீங்களா?"

பதில் சொல்வதற்குள் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஷாஃப்டைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினாள். 'தொப்' என்று அரை அங்குலமும் இறங்கி உட்கார்ந்தது. "கை கழுவிட்டு வாங்க" என்று போய்விட்டாள்.

மறுநாள் போனில் அப்பாவிடம் விவரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நம்ம ஹெரால்டுல அதெல்லாம் கிடையாதுடா. இறக்கம் வந்தா நான் நியூட்ரல்ல விட்டுருவேன். இதுக்கு எவ்வளவு செலவாச்சு?"

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

வண்டி ஓடியது. ஓவர்டிரைவ் விழுந்தது, சூடான பிறகும் வழுக்கவில்லை. குணமானது கூம்பினாலா, ஃபில்டரைக் கழுவியதாலா என்று எனக்குத் தெரியாது. மனைவியிடம் கூம்பு என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை அவளை உட்கார வைத்து எம்40 நெடுஞ்சாலைக்குக் கூட்டிப்போனேன். 70 மைல். முள் 3,900இல் நடுங்கியது. தலைக்குமேல் ரெக்ஸின் கூரை, புயலில் மாட்டிய கல்யாணப் பந்தல் மாதிரி படபடத்தது. குமிழிலுள்ள ஸ்விட்சை விரலால் தள்ளினேன். முள் பவ்யமாகக் குனிந்து 3,100க்கு வந்து நின்றது. ஐந்து மாதம்! என்னால் அடக்க முடியவில்லை.

"பாத்தியா, சத்தம் எப்படிக் குறைஞ்சிருச்சு!"

அவள் என் பக்கமாகக் காதைச் சாய்த்தாள்.

"என்னது? கேக்கலை, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க!"