ரோமில் எதுவும் சீக்கிரம் முடியாது

மறுபடியும் ஒரு ஃபிளெக்ஸ். ரோமில் இறையியல் மேற்படிப்பை முடித்துத் தாயகம் திரும்பும் சாமியாருக்கு வரவேற்பாம். பின்னணியில் பேதுரு பேராலயத்துக் குவிமாடம், மூலையில் பொடி எழுத்து அளவுக்குப் போப்பாண்டவர், அடியில் பங்குப் பேரவை ஆட்கள் பத்துப் பேர் கூலிங் கிளாஸோடு ஆளுயரத்தில். 'அலைகடலெனத் திரண்டு வாரீர்' என்று அழைப்பு வேறு. குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் குறித்து வைக்கிற திண்டுக்கல்லில் அலைகடலுக்கு எங்கே போவது? எதிரே வருகிற பஸ் தெரியாதபடி திருப்பத்தில் கட்டியிருக்கிறார்கள் என்பது என் முதல் கடுப்பு. அதற்குக் கீழே நின்று ஊர் கேட்கிற கேள்வி அதைவிடப் பெரிய கடுப்பு: "ரெண்டு வருஷப் படிப்புன்னுதானே போனாரு, ஏழு வருஷமா என்ன பண்ணாரு?" இது அநியாயமான கேள்வி. குற்றம் சாமி மேல் இல்லை, ரோம் மேல். அதை நிரூபித்துவிட்டு, இந்தப் படிப்பால் திண்டுக்கல்லுக்கு என்ன லாபம் என்கிற முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் கணக்கு. வகுப்பு அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் இத்தாலிய மொழி படித்தாக வேண்டும். குருமடத்தில் முட்டி மோதிக் கற்ற இங்கிலீஷை நம்பி அங்கே பெரும்பாலான வகுப்பறைகளில் உட்கார முடியாது. தங்குவதற்கான அனுமதிக்கு மனுப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். லைசென்சியேட் பட்டத்துக்கு இரண்டு வருஷம். ஊரார் காதில் விழுந்த 'ரெண்டு வருஷம்' இதுதான். மற்றதெல்லாம் பூசை முடிந்த கலகலப்பில் யார் காதிலும் விழவில்லை. அதற்கு மேல் முனைவர் பட்டம். ஆய்வேடு எழுதி, நெறியாளர் திருத்தி, திருத்தியதை அவரே மறந்து மறுபடி திருத்தி, வாய்மொழித் தேர்விலும் பாஸான பிறகும் பட்டம் கைக்கு வராது. ஆய்வேட்டின் முக்கியப் பகுதியையாவது அச்சுப் போட்டுக் கொடுத்தால்தான் பெயருக்கு முன்னால் 'முனைவர்' ஏறும். கூட்டிப் பாருங்கள், ஏழு வருஷம் அதிகமா?

அந்த ஊரின் சுபாவமே அப்படி. பேதுரு பேராலயத்துக்கு 1506இல் அடிக்கல் நாட்டி 1626இல் அபிஷேகம் செய்தார்கள், 120 வருஷம். மதுரைக்கு 1606இல் வந்த ராபர்ட் தெ நோபிலி, மதம் மாறியவர்கள் குடுமியும் பூணூலும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம் என்றார். உடனிருந்த பாதிரியார்களே பிராது கொடுத்தார்கள். பஞ்சாயத்து கோவா போய், ரோம் போய், 1623இல்தான் போப் பதினைந்தாம் கிரகோரியார் 'வைத்துக்கொள்ளட்டும்' என்றார். பிராது கிளம்பியபோது குடுமி முடியத் தொடங்கியவனுக்குத் தீர்ப்பு வந்தபோது முடிய முடி இருந்திருக்குமா என்பது சந்தேகம். அதோடு விட்டார்களா? 1704இல் புதுச்சேரியில் ஒரு ரோமானியத் தூதர் அதே மூட்டையை மறுபடி அவிழ்த்தார். ஞானஸ்நானத்தின்போது குருவானவர் எச்சில் தொட்டு வைக்கும் பழைய சடங்கை, நம் ஜனம் அருவருக்கிறது என்று இங்கே விட்டிருந்தார்கள், விடலாமா கூடாதா? இந்த எச்சில் விவகாரமும் அதன் கூட்டாளி விவகாரங்களும் 1744 வரை நடந்தன. நாற்பது வருஷம்! ஜான் தெ பிரிட்டோ என்கிற அருளானந்தரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரியூரில் 1693இல் தலை வெட்டப்பட்டார். போர்த்துகல் ராஜாவோடு கூட வளர்ந்தவர், சிபாரிசுக்குக் குறைவில்லை. அப்படியும் முத்திப்பேறு பட்டம் 1853இல், புனிதர் பட்டம் 1947இல். நாம் வெள்ளைக்காரனை அனுப்பிய வருஷம் வரை ஃபைல் நகர்ந்துகொண்டிருந்தது. தலையைக் கொடுத்தவருக்கே 254 வருஷம் என்றால், ஆய்வேட்டைக் கொடுத்தவருக்கு ஏழு என்பது தட்கல் டிக்கெட்.

ஆட்சேபணைகள் வரும், தெரியும். அந்த நோபிலி தமிழ், தெலுங்கு, வடமொழி மூன்றும் கற்கவில்லையா, இவருக்கு ஒரு இத்தாலியனுக்கு இத்தனை நாளா என்பீர்கள். நோபிலிக்கு நெறியாளர் கிடையாது. கோடை விடுமுறையில் ஜெர்மனிப் பங்குகளுக்குப் பூசை வைக்கப் போய்விடுகிறார்களே என்பீர்கள். போகிறார்கள், அங்கே சாமியார் பஞ்சம், இங்கே தங்கைக்குக் கல்யாணம், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. 2003இல்தான் திருச்சியிலிருந்து பிரிந்த திண்டுக்கல் மறைமாவட்டம், ஒருவர் இல்லாவிட்டால் அவர் பாரத்தை இன்னொரு பங்குச்சாமி இரண்டு பைக் பெட்ரோலில் சுமக்க வேண்டுமே என்பதுதான் இருப்பதில் கனமான ஆட்சேபணை. அதற்கு என்னிடம் பதில் இல்லை, எனவே அடுத்ததற்குப் போகிறேன்.

திரும்பி வந்த பிறகும் தீராத ரோம்தான் அது. 'நான் உரோமையில் இருந்தபோது' என்று பிரசங்கம் தொடங்கும். சுவிசேஷம் கலிலேயாவில் நடந்தால் என்ன, கானாவூரில் நடந்தால் என்ன, பிரசங்கம் டைபர் நதிக்கரையில்தான் நடக்கும். எங்கள் முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழாவில், அண்டா அண்டாவாகக் கறிச்சோறு வெந்துகொண்டிருக்கும்போதுகூட, ரோமில் செபஸ்தியார் கல்லறைக்குப் போகிற பஸ்ஸைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. எதிர்த்திசையில் வந்தவர் இப்படிச் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெஸ்கி இத்தாலியில் இறையியல் படித்தவர். 1711 வாக்கில் தமிழ்நாட்டுக்கு வந்து வீரமாமுனிவர் ஆகி, தேம்பாவணியும் சதுரகராதியும் எழுதினார், சிரிக்கப் பரமார்த்த குருவையும் கொடுத்தார். அந்தக் குருவையும் சீடர்களையும் இத்தாலிக்கு அனுப்பவில்லை. நம் ஊர் ஆற்றைத்தான் தாண்ட வைத்தார். ஆக, படிப்பால் திண்டுக்கல்லுக்கு என்ன லாபம் என்ற விஷயம்... இடம் போதாது, இன்னொரு சமயம் பார்க்கலாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூனில் போப் பிரான்சிஸ் வத்திக்கானில் வைத்தே சொன்னார்: பிரசங்கம் எட்டு நிமிஷத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஜனம் தூங்கிவிடும் என்று. ரோமிலிருந்து ஜெபமாலை வருகிறது, சாக்லேட் வருகிறது, போப்போடு எடுத்த போட்டோ வருகிறது. இந்தச் செய்தியை மட்டும் இதுவரை ஒருவரும் கொண்டுவரவில்லை.