ஒண்டியாய் உலகம் சுற்றுபவர்

கூட்டம் சேர்த்துக்கொண்டு சுற்றுலா போகிறவர்களை இவருக்குக் கண்டாலே ஆகாது. "தனியாப் போனாத்தான் சார் நம்மள நாமே கண்டுபிடிக்க முடியும்" என்பார். அப்படித் தன்னைக் கண்டுபிடிக்க நியூசிலாந்தின் குயின்ஸ்டவுனில் வந்து இறங்கியவர், முதல் அரை மணி நேரம் தேடியது அடாப்டரை. அந்த ஊர்ச் சுவரில் பிளக் துளைகள் சாய்ந்தாற்போல இருக்கும். நம் ஊர் உருண்டைக் கம்பி அதில் நுழையாது.

தங்குவது எட்டுப் பேர் படுக்கும் ஹாஸ்டல் அறையில், மேல்தட்டுக் கட்டிலில். காலை ஐந்தரைக்கு அலாரம். பிறகு பைக்குள் இருக்கும் பாலிதீன் பை. அதற்குள் இன்னொரு பாலிதீன் பை. சரசரப்பிலும் ஜிப்புச் சத்தத்திலும் ஐந்து கண்டத்தாரும் விழித்துக்கொண்ட பிறகு, யாரையும் எழுப்பிவிடக் கூடாதே என்று நுனிக்காலில் நடந்து வெளியே போவார்.

ஆறு மணிக்குக் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு முதல் படம். டிசம்பரில் நியூசிலாந்துக் கடிகாரம் நம்மைவிட ஏழரை மணி நேரம் முந்தி ஓடும். அங்கே காலை ஆறென்றால் அம்மாவுக்கு முந்தின நாள் இரவு பத்தரை. "ஸ்வெட்டர் போட்டியாப்பா?" என்று பதில் வரும். "இங்க கோடைக்காலம்மா" என்று ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு பதில் போடுவார்.

பிறகு வெளியே வரும் அந்த எக்செல் ஷீட். அதில் அன்றைய பொழுது நிமிடக் கணக்கில் கூறு போடப்பட்டிருக்கும்.

முதல் வரி, கவராவ் பாலம். 1880இல் ஆற்றைக் கடக்கக் கட்டிய பாலம் அது. 1988 முதல் கடக்காமல் பாதியில் குதிப்பதற்குப் பயன்படுகிறது. காலில் ரப்பர் கயிறு கட்டிக்கொண்டு விழும் பன்ஜி, உலகத்திலேயே முதன்முதலாக நிரந்தரத் தொழிலாக நடக்கத் தொடங்கியது இங்கேதான். உயரம் 43 மீட்டர். குதிப்பவரை நிறுத்து எடை பார்த்து, எண்ணைக் கையிலேயே எழுதிவிடுவார்கள். அந்தக் கனத்துக்குத் தக்க கயிறு. கல்யாணப் பேச்சு நடந்தபோதுகூட இவர் வெளியே சொல்லாத எடை அது. விளிம்பில் நிற்கும்போது இரண்டு கைகளையும் விரித்துப் பறவை போலப் பாயத் திட்டம். பாய்ந்தது என்னவோ நழுவிய அரிசி மூட்டைதான். நடுவழியில் "அம்மா!" என்று ஒரு சத்தம். அப்போது அம்மாவுக்கு நள்ளிரவு இரண்டரை. தலைகீழாய் ஆடி ஓய்ந்தவரை ஆற்றில் காத்திருக்கும் ரப்பர் படகுக்காரர்கள் கம்பு நீட்டி இழுத்துப் போட்டுக் கரை சேர்த்தார்கள். குதிக்க ஒரு கட்டணம், குதித்ததைப் படத்தில் பார்க்க இன்னொரு கட்டணம். முதலாவதுக்குப் பேரம் பேசாதவர், இரண்டாவதுக்கு அரை மணி நேரம் யோசித்தார். ஷீட்டில் அந்த அரை மணி இல்லை.

அடுத்தது ஷாட்டோவர் ஆற்றில் ஜெட் படகு. 1950களில் பில் ஹாமில்டன் என்ற நியூசிலாந்துக்காரர் ஆழமில்லாத ஆறுகளுக்காக உருவாக்கிய ஏற்பாடு. அடியில் சுழலும் விசிறி கிடையாது. தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி அடித்துக்கொண்டு பாயும். கணுக்கால் தண்ணீர் போதும். பாறைச் சுவரை உரசுவதுபோலப் போய், திடீரென்று ஒரு முழு வட்டம் அடிக்கும். எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். இவர் செல்ஃபி குச்சியைப் பிடித்துக்கொண்டார். அந்த வீடியோவில் நாலு நொடி ஆகாயம், மூன்று நொடி பக்கத்து சீட்டுப் பாட்டியின் காது.

பகல் இரண்டு மணிக்குப் பாக்கெட் உப்புமாவில் வெந்நீர் ஊற்றி வைத்தபோது, சித்தப்பா காலைக் காப்பியோடு குழுவுக்கு வந்தார். "நம்ம தோட்டத்துக் கெணத்துல குதிச்சா ஒருத்தனும் காசு கேக்க மாட்டானே தம்பி!" அப்பா வழக்கம்போல ஒரு கட்டைவிரல். அம்மா மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கையில என்னப்பா நம்பரு? ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

மாலையில் கேபிள் காரில் மலையேறி, உருளைவண்டியில் சறுக்கி, மறுபடி ஏறி, மறுபடி சறுக்கினார். அதற்குப் பிறகு ஏர்ன்ஸ்லா என்ற நீராவிக் கப்பல். 1912இல் ஓடத் தொடங்கியது; இன்னமும் கையால் கரி அள்ளிப் போட்டுத்தான் அதன் கொதிகலன் எரிகிறது. உள்ளே எட்டிப் பார்க்கலாம். கரி அள்ளுபவர் ஓய்வில்லாமல் அள்ளுவதைக் கண்டு இவருக்கு அவர்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. நாள் முழுக்கத் தன்னைப் போலவே ஓடுகிற ஓர் ஆள்!

ஒன்று சொல்ல வேண்டும். தனியாகப் போகிறவருக்குத்தான் அதிகமாக ஆள் தேவைப்படுகிறது. அன்று மட்டும் பதினேழு பேரிடம் போனைக் கொடுத்து, "ஒரு போட்டோ ப்ளீஸ்" என்றார். பதினேழு பேரும் எடுத்தார்கள். ஒன்பது பேர் மலையை வெட்டினார்கள், ஆறு பேர் காலை வெட்டினார்கள். ஒருவர் மிக அழகாக எடுத்தார், அதில் இவர் கண்ணை மூடியிருந்தார். இன்னொருவர் எடுத்தது தன் கட்டைவிரலை. கடைசியில் கண்மூடிய படத்தையே "தனிமையில் ஒரு தியானம்" என்று தலைப்பிட்டு ஏற்றினார்.

ஷீட்டின் கடைசி வரி: 'வகாடிப்பு ஏரி, சூரிய அஸ்தமனம், 15 நிமிடம்.' அங்கே கோடையில் பொழுது சாய ஒன்பதரை ஆகும். அந்த ஏரிக்கு ஒரு விசேஷம் உண்டு. காற்றே இல்லாதபோதும் அதன் நீர்மட்டம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் ஏறி ஏறி இறங்கும். அடியில் எரிந்துபோய்க் கிடக்கும் ஓர் அரக்கனின் இதயம் இன்னும் துடிக்கிறது என்பது மாவோரி மக்களின் கதை. ஒரு தடவை ஏறி இறங்க அரை மணிக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். கரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தால் போதும், பார்த்துவிடலாம். டிக்கெட் கிடையாது. எடையும் எழுத மாட்டார்கள்.

இவர் பன்னிரண்டு நிமிடம் வீடியோவை வெட்டி ஒட்டினார். மூன்று நிமிடம் அஸ்தமனத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். கிளம்பிப் போய்விட்டார்.

மறுநாள் மில்ஃபோர்ட் சவுண்ட். போக மட்டும் சுமார் 290 கிலோமீட்டர். மேல்தட்டில் படுத்திருப்பவருக்கு அலாரம் நாலரைக்கு. மற்ற ஏழு பேருக்கும் அதே நாலரைதான்.