வி-டெக் மாமா

தில்லித் தமிழர்களில் சில ரகங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. மலை மந்திர் கோயிலில் யாரும் கேட்காமலே வரிசையை ஒழுங்குபடுத்துபவர், சபாவுக்குச் சந்தா கேட்டு வருபவர், ஊரிலிருந்து யார் வந்து இறங்கினாலும் 'அங்கே மழை உண்டா?' என்று விசாரிப்பவர். இவர்களைப் பற்றியெல்லாம் நிறைய எழுதியாகிவிட்டது. மிச்சம் இருப்பவர் வி-டெக் மாமா.

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வங்கியிலோ மத்திய அரசிலோ கௌரவமான வேலை. குடும்பம் போய்வர ஒரு புதுக் கார் உண்டு. அதன் நிறத்தைக் கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்வார். அவர் உயிர் கீழே தூண்களுக்கு நடுவே உறை போர்த்தி நிற்கும் 2003ஆம் வருடத்து ஹோண்டா சிட்டியில் இருக்கிறது.

ராத்திரி அவர் கைப்பேசியில் ஓடுவது டொயோட்டா சுப்ரா, மஸ்தா ஆர்எக்ஸ்-7, நிஸான் ஸ்கைலைன். யோகோஹாமாவில் டைகோகு என்று ஒரு நெடுஞ்சாலை நிறுத்துமிடம். அங்கே இந்தக் கார்கள் கூட்டமாக வந்து நிற்பதை, கும்பமேளா நேரலை பார்க்கும் பக்தியோடு பார்ப்பார். மூன்று வருடத்துக்கு மேல் பழசான காரை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யப் பொதுவாக விதி இடம் தராது. ஆகவே சுப்ரா திரையில், சிட்டி தரையில். "நம்ம நாட்டுக்கு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்னா இதுதான் சார்" என்பார். அது பிறந்தது கிரேட்டர் நோய்டா தொழிற்சாலையில் என்று நினைவூட்டினால், "பிறப்பை விடுங்க, குலத்தைப் பாருங்க" என்று பதில் வரும்.

குலம் நல்ல குலம்தான், மறுப்பதற்கில்லை. எஞ்சின் நிதானமாகச் சுற்றும்போது வால்வு கொஞ்சம் திறந்தால் போதும். வெறிகொண்டு சுற்றும்போது நன்றாகத் திறக்க வேண்டும். இரண்டுக்கும் கேம்ஷாஃப்டில் தனித்தனி மேடு வைத்து, ஆயில் அழுத்தத்தால் ஒரு சின்ன முளையை நகர்த்தி, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றுவதுதான் வி-டெக். 1989இல் இன்டெக்ரா காரில் ஹோண்டா கொண்டுவந்தது. இங்கே சிட்டிக்கு 2000இல் வந்தபோது 106 குதிரைசக்தி. அந்த விலைக்கு அன்று அது அநியாயம். 2003 கடைசியில் அதை நிறுத்திவிட்டு, மைலேஜ் அதிகம் தருகிறேன் என்று அதே பெயரில் 77 குதிரைசக்தியில் ஒரு காரை விட்டார்கள். காணாமல் போன 29 குதிரைகளுக்காக மாமா இன்றும் துக்கம் காக்கிறார்.

வி-டெக் கண்விழிக்க எஞ்சின் நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றை நெருங்கவேண்டும். ஆஷ்ரம் சௌக் நெரிசலில் எட்டு வருடம் ஓட்டினாலும் அது நடக்காது. அதனால்தான் அந்தக் காலத்தில் மாமா ஞாயிறு விடியலில் காலியான நெடுஞ்சாலையில் முர்தால் தாபாவுக்குப் பரோட்டா சாப்பிடக் கிளம்புவார். பரோட்டா ஒரு சாக்கு.

அதோடு நின்றிருந்தால் வம்பில்லை. கரோல் பாகில் சைலன்சரை மாற்றினார். காஷ்மீரி கேட்டில் ஏர் ஃபில்டரை மாற்றினார். முப்பதாயிரம் கொடுத்து ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தினார். தாழ்ந்த வண்டி காலனி வாசல் வேகத்தடையில் வயிற்றைத் தேய்த்தது. ஆகவே மாமி ஒவ்வொரு தடையிலும் இறங்கி, நடந்து தாண்டி, மறுபக்கம் ஏறிக்கொள்வாள். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையோடு இப்படிப் போனதை அவள் இன்னும் மறக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறதே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் கேரளாவிலேதான் பாப்பாங்க" என்றார். கழற்றிய பழைய சாமான்களை எல்லாம் கபாடிக்காரன் எடைக்கு எடை எடுத்துக்கொண்டு போனான்.

பிறகு சட்டம் வந்தது. தலைநகரில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் கார் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் சொன்னதை, 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மாமாவின் காருக்கு 15 வயது நிறைந்த வருடம் அது. உறை போர்த்தியாயிற்று. இப்போது முர்தாலும் இல்லை. ஞாயிறு காலை நின்ற இடத்திலேயே எஞ்சினை ஐயாயிரம் வரை முறுக்குவார். இரண்டாம் மாடி சர்தார்ஜி பால்கனியிலிருந்து பஞ்சாபியில் ஏதோ சொல்வார்.

2025 ஜூலை முதல் தேதி பெட்ரோல் பங்குகளில் கேமரா வைத்து, வயதான வண்டிக்கு எண்ணெய் கிடையாது என்றார்கள். மாமா தியாகிபோல் நிமிர்ந்து நின்றார். மூன்றாம் நாளே அரசு பின்வாங்கியதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் வைத்து நடவடிக்கை கூடாது என்றது. லட்டு வாங்கி வந்தார். டிசம்பரில், அந்தச் சலுகை பி.எஸ்.-4 மாசு விதிப்படி செய்த வண்டிக்கும் அதற்கு மேற்பட்டதற்கும்தான் என்று ஆனது. அவருடையது பி.எஸ்.-2. லட்டு செரித்துவிட்டது, என்ன செய்ய?

அவருக்கு மிஞ்சிய ஒரே நம்பிக்கை 2021இல் வந்த விதி. 50 வயது தாண்டிய கார் புராதன வாகனம். 20,000 ரூபாய் கட்டினால் தனிப் பதிவு எண்ணே கிடைக்கும். ஆக, தில்லியில் இந்த மாதிரி ஒரு கார் 15இல் குப்பை, 50இல் பொக்கிஷம். நடுவில் முப்பத்தைந்து வருடம் அஞ்ஞாதவாசம். பாண்டவர்களுக்கே ஒரு வருடம்தான். 1964இலிருந்து நடக்கும் ஸ்டேட்ஸ்மன் பழங்கார் ஊர்வலத்துக்கு வருடா வருடம் போய்த் துருவித் துருவிப் பார்த்துவிட்டு வருகிறார். இவர் காருக்கு அந்தப் புராதனத் தகுதி வருவது 2053இல்.

அதிலும் ஒரு முள். அந்த விதி, வண்டி பிறந்த கோலத்திலேயே இருக்கவேண்டும் என்கிறது; சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிதாகக் கை வைத்திருக்கக்கூடாது. முதல் பத்து வருடம் ஒரிஜினலைக் கழற்றி எறிந்த மாமா, இப்போது அதே ஒரிஜினலைத் தேடி மாயாபுரியில் அலைகிறார். கார் பிரிக்கும் சந்துகளில் எண்ணெய்ச் சேற்றில் கால் வைத்து, உடைத்த வண்டிகளுக்குள் தலையை விட்டு, "2003 வி-டெக், பழைய மாடல், கம்பெனி சைலன்சர்" என்று ஜபிக்கிறார். "மில் ஜாயேகா சாப்" என்று எல்லாக் கடைக்காரர்களும் சொல்கிறார்கள். கிடைத்ததை எடுத்துவந்து பார்த்தால் அந்த 77 குதிரைக்காரனுடையது. திருப்பித் தர மனம் வராமல் அதையும் கட்டிலுக்கடியில் தள்ளுகிறார்.

திருநெல்வேலியில் இருக்கும் மாமியின் தம்பி ஒரு வழி சொன்னான். என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்கி வண்டியை அனுப்பிவிட்டால், பசுமை வரி கட்டி அங்கே பதிந்து ஓட்டிக்கொள்வானாம்.

மாமா கொதித்துவிட்டார். "உன் தம்பிகிட்டயா? அவன் அதுல வாழைத்தார் ஏத்துவான்!"

"ஏத்தட்டுமே" என்றாள் மாமி. "நாலு தார் ஏத்தினா வண்டி தானாத் தாழ்ந்துட்டுப் போறது. அதுக்கு நீங்க முப்பதாயிரம் குடுத்தேளே!"