சுழி பார்த்துப் பாய்மரம் வாங்குவது எப்படி?

உடுமலைப்பேட்டையில் ஒருவர் பழைய பாய்மரப் படகு வாங்கப் போகிறார் என்றால், டீக்கடையில் எழும் முதல் கேள்வி “தண்ணி எங்கீங்க?” என்பதுதான். கலங்க வேண்டாம். காசு கொடுத்தாலும் கிடைக்காத காற்று நம்மிடம் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியிலிருந்து அது அடிக்கிற அடியை நம்பித்தானே பூளவாடி, குடிமங்கலம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன? தண்ணீருக்குத் திருமூர்த்தி அணை 60 அடி, அமராவதி 90 அடி. பாசனத்துக்குத் திறந்துவிட்டால் இந்த அடிக்கணக்கு தினமும் இறங்கும் என்பதால், நமக்குத் தோதானது சிறகுக் கீல் வைத்த படகு.

கீல் என்பது படகின் வயிற்றுக்கு அடியில் இறங்கியிருக்கும் பாரம். காற்று தள்ளும்போது படகு சாயாமலும் பக்கவாட்டில் நழுவாமலும் பிடித்துக்கொள்வது அதுதான். அதன் அடிநுனியில் இரண்டு பக்கமும் சிறகு வைத்தால் பாரம் கீழே குவியும், கீலைக் குட்டையாக்கலாம். ஐந்தடிக்கு மேல் ஆழம் கேட்கிற முப்பதடிப் படகு, இந்த ஏற்பாட்டில் நாலடிக்குள் அடங்கும். பென் லெக்ஸன் வடிவமைத்த ‘ஆஸ்திரேலியா 2’ இப்படியொரு கீலோடு 1983இல் அமெரிக்கக் கோப்பையை வென்று, நியூயார்க் படகுக் கழகத்தின் 132 ஆண்டுப் பிடியை விடுவித்தது. பந்தயம் முடியும்வரை, படகைக் கரையேற்றும்போதெல்லாம் கீலைச் சுற்றித் துணி கட்டி மறைத்தார்கள். கண்ணபுரம் மாட்டுச்சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிய பரம்பரைக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை.

ஆகவே சந்தைப் பழக்கத்தை விடாதீர்கள். கொம்பு சீவி எண்ணெய் தடவிய காளையைப் பார்த்ததும் நம் தாத்தாக்கள் வாயைத் திறந்து பல் பார்த்தார்கள். அதுபோல, பளபளக்கும் வண்ணத்தைப் பார்த்ததும் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கச் சொல்லுங்கள். நமக்குக் கிட்டத்தில் இப்படிப் படகு பார்க்கக் கிடைக்கும் இடம் கொச்சி போல்காட்டித் தீவின் படகுத்துறை. “மெதக்கும்போதே பாத்துக்கலாம்” என்று தரகர் சொன்னால், அடுத்த பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நேரம் கேளுங்கள்.

தூக்கியதும் கீலும் உடலும் சேருமிடத்தை விரலால் தடவுங்கள். அங்கே விரிசல் ஓடினால் போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும். உள்ளே தரைப்பலகையைக் கழற்றுங்கள், அவை தெரியும். துரு வழிந்திருந்தால் விலை அங்கேயே இறங்கும். கீலின் பின்முனைக்கு நேர் மேலே தாங்குகட்டைகள் உடைந்து ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். படகு தரை தட்டினால் கீல் அங்கேதான் மேல்நோக்கி இடிக்கும். “தட்டியிருக்குங்களா?” என்று வாயால் கேட்பது வீண். தட்டாத படகை யாரும் விற்பதில்லை, தட்டியதை யாரும் சொல்வதுமில்லை. அடிப்பக்கத்தை மரச்சுத்தியால் தட்டிக்கொண்டே போங்கள். டொக்கென்ற சத்தம் திடீரென மொத்தையாகும் இடத்தில் ஃபைபர் அடுக்குக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். பாயும் கயிறும் எப்படியும் மாற்றப்போகிறவை, அவற்றின் மேல் நேரத்தை வீணாக்காதீர்கள்.

சிறகுக் கீலுக்கு ஒரு கெட்ட சுழி உண்டு. நேர்க்கீல் சேற்றில் மாட்டினால் படகைச் சாய்த்து விடுவித்துவிடலாம். சிறகுக் கீலைச் சாய்த்தால் ஒரு பக்கச் சிறகு இன்னும் ஆழமாகப் புதையும். அப்போது யாராவது இறங்கித் தள்ளித்தான் ஆக வேண்டும். அமராவதியில் முதலைகள் இருப்பதால், எந்த மச்சானை அழைத்துப்போவது என்பதை வாங்குவதற்கு முன்பே குடும்பத்தில் பேசி முடித்துவிடுங்கள்.

பைக்குள் ஒரு காந்தம் இருக்கட்டும். ஒட்டினால் கீல் வார்ப்பிரும்பு, ஒட்டாவிட்டால் ஈயம். துருப்பிடிக்காது என்பதற்காக ஈயத்தை விரும்புகிறவர்கள் உண்டு. நம் காரணம் வேறு. அணையில் படகு இறக்க அதிகாரிகள் எளிதில் அனுமதி தரப்போவதில்லை. முப்பதடிப் படகில் ஏறக்குறைய இரண்டு டன் பாரம் இருக்கும். காயலான் கடையில் ஈயம் இன்றைக்குக் கிலோ என்ன விலை என்று விசாரித்து வைத்துக்கொண்டு, அதற்கு மேல் எவ்வளவு கொடுக்கலாம் என்பதிலிருந்து விரலைப் பிடிக்கத் தொடங்குங்கள்.